மலைமேல் இரண்டாவது சுடர்: ஃபில்டர் கண்ணாடி பற்றிச் சில குறிப்புகள்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் எடுக்கப்பட்ட வீடியோக்களை நிறையப் பார்த்தால் சிலவற்றில் ஒரு விநோதம் தட்டுப்படும். மலை உச்சியில் மகாதீபம் எரிகிறது. அதே ஃபிரேமில், கீழே வேறொரு மூலையில், இருட்டுக்குள் சின்னதாக இன்னொரு சுடர். கேமராவைத் திருப்பும்போது உச்சியில் இருக்கும் தீபம் ஃபிரேமின் வலப்பக்கம் போனால் இந்தச் சின்னச் சுடர் இடப்பக்கம் போகும். தீபம் கீழே இறங்கினால் இது மேலே ஏறும். உற்றுப் பார்த்தால் தலைகீழாகவும் இருக்கும்.

தெரியாதவர்கள் கண்ணில் பட்டால் அது இரண்டாவது ஜோதி. பக்தி உள்ள ஊர், பக்தி உள்ள நாள். நம்புவதற்கு ரொம்ப நேரம் ஆகாது. ஆனால் அது மலையில் இல்லை. லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஃபில்டர் என்பது அடிப்படையில் ஒன்றை எடுத்து விடுவதற்கான கருவி. காப்பி வடிகட்டி மாதிரி. தூள் மேலே நிற்க வேண்டும், டிகாஷன் கீழே இறங்க வேண்டும். வடிகட்டியின் துரு டிகாஷனில் இறங்கக் கூடாது. நல்ல ஃபில்டர் எது என்று கேட்டால் என் பதில் இந்த ஒரே வரிதான்: எடுப்பேன் என்று சொன்னதை மட்டும் எடுக்க வேண்டும், தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. இந்த எளிய விஷயத்துக்குப் பின்னால் சுமார் 150 வருடக் கதை இருக்கிறது. அதில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நடுநாயகமாக வருகிறார்.

ஃபில்டரே இல்லாத காலத்திலிருந்து தொடங்கலாம்.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 கடைசியிலும் 1858லும் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை எல்லாம் சுற்றினார். நம் கோயில்களின் ஆரம்பகாலப் படங்களில் மிகச் சிறந்தவை அவருடையவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டு ஆர்வம் உள்ளவர்கள் அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இன்றைக்கு நம் போன் 'பனோரமா' என்று இரண்டு நொடியில் செய்வதை மனுஷன் மாட்டுவண்டிக் காலத்தில் செய்திருக்கிறார்.

டிரைப்புக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது: வானம். அந்தக் காலத்து நெகட்டிவ்களுக்கு நீலமும் ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். பச்சை கொஞ்சம்கூடத் தெரியாது, சிவப்பு சுத்தமாகத் தெரியாது. நம்ம ஊர் நீல வானம் அதில் அளவுக்கு மீறிப் பதிவாகி, அச்சிடும்போது வெறும் வெள்ளைத் தாளாக வரும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் பிரஷால் மேகம் வரைந்தார். அவருடைய 1855 பர்மா படங்களில் இருக்கும் அழகான மேகங்கள் பலவும் கைவேலை. ஆவணமாக எடுத்த படத்தில் இல்லாத மேகம்! குற்றமாகச் சொல்லவில்லை, அவருக்கு வேறு வழி இல்லை. மேகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் நீல ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்க வேண்டும். மஞ்சள் கண்ணாடி அதைச் செய்யும். ஆனால் நீலம் மட்டுமே தெரிந்த தகட்டுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடியை வைத்தால் எதுவுமே பதிவாகாது.

1873ல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற வேதியியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். புகைப்பட ரசாயனத்தோடு சில சாயங்களைச் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையும் தெரிய ஆரம்பிக்கிறது. இப்படி வந்தவைதான் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளும் ஃபிலிம்களும். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, சிவப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

சிவப்பு தெரியாத ஃபிலிம் நம் ஊரில் என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாக வரும். வெற்றிலை போட்ட உதடு கறுப்பாகும். மாநிற முகம் இன்னும் இரண்டு படி கறுக்கும், ஏனென்றால் நம் தோலிலிருந்து வரும் ஒளியில் சிவப்புதான் அதிகம். வீட்டில் கொள்ளுப்பாட்டி, கொள்ளுத்தாத்தா ஸ்டூடியோ படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவர்கள் முகம் அவ்வளவு இருட்டாக இருப்பதற்கு வயதான அச்சு மட்டும் காரணமாக இருக்காது, ஃபிலிமும் பாதிக் காரணமாக இருக்கலாம். அருணாசலம் என்ற பெயரே 'செம்மலை' என்றுதான் பொருள் தருகிறது. அந்த மலையைச் சிவப்பு தெரியாத ஃபிலிமில் எடுப்பதில் உள்ள முரண் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

சிவப்பும் தெரிகிற 'பான்குரோமாட்டிக்' தகட்டை 1906ல் இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ராட்டன் அண்ட் வெயின்ரைட் என்ற கம்பெனி, லண்டனை ஒட்டிய கிராய்டனில். ஃபிரெடெரிக் ராட்டன் அதன் சொந்தக்காரர். அந்த வருடம்தான் கென்னத் மீஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அங்கே போய்ச் சேர்ந்தார். எல்லா நிறமும் தெரியும் தகடு வந்ததும்தான் ஃபில்டருக்கு உண்மையான வேலை வந்தது. எந்த நிறத்தை எவ்வளவு விடுவது என்று இப்போது நாம் முடிவு செய்யலாம் அல்லவா? ஜெலட்டினில் சாயம் கலந்து, கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு ஃபில்டரும் எந்த அலைநீளத்தில் எத்தனை சதவீதம் ஒளியை விடுகிறது என்று அளந்து அட்டவணையும் போட்டார்கள்.

அந்த அட்டவணைதான் முக்கியம். அதற்கு முன் கடையில் போய் 'மஞ்சள் கண்ணாடி' என்றுதான் கேட்க முடியும். மஞ்சளில் எத்தனை மஞ்சள்! இதற்குப் பிறகு ராட்டன் 8 என்றால் உலகம் முழுக்க ஒரே மஞ்சள், ராட்டன் 25 என்றால் ஒரே சிவப்பு. என் தொழில் பாஷையில் சொன்னால் ஃபில்டருக்கு ஒரு ஸ்பெசிஃபிகேஷன் கிடைத்தது. 1912ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் மீஸைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்தபோது, ராட்டன் கம்பெனியையும் சேர்த்து வாங்கினால் வருகிறேன் என்றார் மீஸ். கோடக் வாங்கியது. அதனால்தான் இன்றும் அந்த எண்களை 'கோடக் ராட்டன்' என்கிறோம்.

இப்போது நம்ம ஊர்க்காரர். திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன்.

1921 செப்டம்பரில் நர்குண்டா என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையில் ஒரு நிக்கல் பிரிசம் இருந்தது. கால்சைட் படிகத்தில் செய்த, ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் கருவி. இன்றைக்கு நாம் லென்ஸ் முன் மாட்டும் போலரைசருக்கு அது பெரியப்பா. தண்ணீர்ப் பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே திசையில் அதிரும். பிரிசத்தைச் சரியாகத் திருப்பினால் அந்தப் பிரதிபலிப்பு அணைந்துவிடும். ராமன் அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. அப்படியென்றால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது, தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கப்பல் பம்பாய் வந்து சேர்ந்ததும் 'நேச்சர்' இதழுக்கு எழுதிப் போட்டார்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். பெரிய கோயிலுக்குள் பிரம்ம தீர்த்தத்தின் கரையில் நின்று, போலரைசர் வழியாக, சுமார் 37 டிகிரி கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டே ஃபில்டரைத் திருப்புங்கள். தண்ணீரில் தெரியும் பிம்பம் ஒரு நிலையில் மறைந்து, படியும் பாசியும் தெரியும். இன்னும் 90 டிகிரி திருப்பினால் பிம்பம் திரும்ப வரும்.

1928ல் நடந்தது இன்னும் சுவாரசியம். கல்கத்தாவில், வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து ராமன் செய்த சோதனையில் மையக் கருவி என்று பார்த்தால் இரண்டு ஃபில்டர்கள்தான். சூரிய ஒளியை லென்ஸ் வைத்துக் குவித்து, சுத்தமான திரவத்துக்குள் செலுத்தினார்கள். அதன் பாதை ஒரு கோடு மாதிரி ஒளிரும். ஒளி உள்ளே போகும் வழியில் நீல-ஊதா ஃபில்டர், அதோடு மஞ்சள்-பச்சை ஃபில்டர் இரண்டையும் வைத்தால், ஒன்று விடுவதை இன்னொன்று தடுக்கும். கோடு முழுசாக மறைந்துவிடும். இப்போது மஞ்சள்-பச்சை ஃபில்டரை மட்டும் அங்கிருந்து எடுத்து, பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் வைத்தார்கள். கோடு மங்கலாகத் திரும்ப வந்தது! உள்ளே போனது நீலம் மட்டும். வெளியே வருவதில் பச்சை இருக்கிறது. திரவத்துக்குள் ஒளியின் நிறம் மாறியிருக்கிறது. அதுதான் ராமன் விளைவு. 1930ல் நோபல் பரிசு.

இதில் எனக்குப் பிடித்தது அந்த முதல் படி. இரண்டு ஃபில்டரையும் ஒன்றாக வைத்து, எதுவும் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். நீல ஃபில்டர் கொஞ்சம் பச்சையைக் கசிய விட்டிருந்தால் பிறகு தெரிந்த பச்சைக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது. கண்டுபிடிப்பின் நம்பகத்தன்மையே ஃபில்டரின் நேர்மையில் நின்றது. நாமும் கடையில் வாங்கியதை முதலில் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

போலரைசர் கதையில் ஒரு சின்னக் கிளைக்கதை. கால்சைட் பிரிசம் விலை அதிகம், அளவு சின்னது. 1852ல் பிரிஸ்டலில் ஹெராபத் என்ற மருத்துவரின் மாணவர், கொய்னா மருந்து கொடுத்த நாயின் சிறுநீரில் அயோடின் துளியை விட்டபோது பச்சைப் பளபளப்போடு குட்டிப் படிகங்கள் உண்டாயின. அவை ஒளியைத் துருவப்படுத்தின. அந்தப் படிகங்களைப் பிளாஸ்டிக் படலத்துக்குள் ஒரே திசையில் அடுக்கி, பெரிய தாளாகச் செய்யலாம் என்று 1929ல் காப்புரிமை கேட்டவர் எட்வின் லேண்ட். பிற்காலத்தில் போலராய்டு கேமரா செய்த அதே லேண்ட். நாம் கடையில் வாங்கும் போலரைசருக்கு நாயின் சிறுநீரிலிருந்து ஒரு நேர்வழி இருக்கிறது!

சரி, இரண்டாவது சுடருக்கு வருவோம்.

கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக அந்த 4 வரும். ஃபில்டருக்கு இரண்டு பரப்பு, ஆக 8 சதவீதம். பகலில் இது பெரிதாகத் தெரியாது. இரவில் கறுத்த வானத்துக்கு நடுவில் ஒரே ஒரு பிரகாசமான சுடர் இருக்கும்போதுதான் வினை. சுடரின் ஒளி லென்ஸ் வழியாக சென்சாரில் போய் விழுகிறது. சென்சார் பளபளப்பான பொருள், அது ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளி வந்த வழியே லென்ஸுக்குள் திரும்பி, வெளியே போகும் இடத்தில் ஃபில்டரின் தட்டையான முதுகில் மோதி, மறுபடி உள்ளே வருகிறது. லென்ஸ் அதையும் நேர்த்தியாக ஃபோகஸ் செய்து, ஃபிரேமின் மையத்துக்கு எதிர்ப்புறத்தில் தலைகீழாகப் போடுகிறது. ஃபோட்டோகிராபர்கள் இதைக் 'கோஸ்ட்' என்பார்கள். லென்ஸின் கண்ணாடிகள் வளைந்தவை, அவற்றில் பட்ட ஒளி பெரும்பாலும் மங்கலாகப் பரவிவிடும். ஃபில்டர் தட்டையாக இருப்பதால்தான் இது இத்தனை தெளிவான சுடராக வருகிறது.

பிரதிபலிப்பைக் குறைக்கும் வழி தற்செயலாகத்தான் தெரிந்தது. பழசாகி மேற்பரப்பு மங்கிப்போன லென்ஸ், புது லென்ஸைவிட அதிக ஒளியை விடுகிறது என்று 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் கவனித்தார். நியாயமாக அது குறைவாக அல்லவா விட வேண்டும்? மங்கிய அந்த மெல்லிய படலத்தின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திருப்பி அனுப்பாத ஒளி உள்ளேதானே போக வேண்டும். 1935ல் சைஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மகுலா இதை வெற்றிடத்தில் பூசும் கோட்டிங்காக்கினார். 1938ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கேத்தரின் பிளாஜெட் வேறொரு வழியில், மூலக்கூறு கனத்தில் அடுக்கடுக்காகப் படலம் ஏற்றி, கண்ணுக்கே தெரியாத கண்ணாடி செய்துகாட்டினார். ஒரே அடுக்குக் கோட்டிங்கில் 4 சதவீதம் ஒன்றரை பக்கம் இறங்கும். பல அடுக்கு 'மல்ட்டி கோட்டிங்' என்றால் அரை சதவீதத்துக்கும் கீழே. கோட்டிங் இல்லாத ஃபில்டரோடு ஒப்பிட்டால் கோஸ்ட் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று வரும்.

ஆனாலும் பூஜ்யம் ஆகாது. தீபம் மாதிரிக் காட்சிக்கு எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரையும் கழற்றி வைப்பதுதான் என் கட்சி.

பகல் படப்பிடிப்பில் நிலைமை தலைகீழ். வீடியோ கேமராவுக்குப் பகலில் ஃபில்டர் இல்லாமல் முடியாது. நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடி இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். ஷட்டரை 1/2000க்குக் கொண்டுபோனால் தேர் இழுக்கும் கூட்டம் பொம்மலாட்டம் மாதிரி வெட்டி வெட்டி ஓடும். இப்போதைய கேமராக்களில் லாக் முறையில் பதிவு செய்தால் ஐ.எஸ்.ஓ. குறைந்தது 800 என்பது பரவலாக இருக்கிறது. உச்சிவெயிலில் ஐ.எஸ்.ஓ. 800க்கு, எஃப் 16ல், 1/800 நொடி சரியான வெளிச்சம். 1/50 வைத்தால் அதைவிட 16 மடங்கு, அதாவது 4 ஸ்டாப் அதிக வெளிச்சம். எஃப் 4ல் எடுக்க ஆசைப்பட்டால் இன்னும் 4 ஸ்டாப். மொத்தம் 8 ஸ்டாப், 256ல் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் சாம்பல் கண்ணாடி வேண்டும். இதுதான் என்.டி. ஃபில்டர். கடையில் ஒரு ஸ்டாப்புக்கு 0.3 என்ற கணக்கில் எண் போடுவார்கள்: 0.9 என்றால் 3 ஸ்டாப், 1.8 என்றால் 6, 2.4 என்றால் 8. பெரிய வீடியோ கேமராக்களில் இது உள்ளேயே சக்கரமாகச் சுழலும். சோனி எஃப்.எக்ஸ்.6 மாதிரி கேமராவில் மின்சாரத்தாலேயே கூட்டிக் குறைக்கலாம். நம்மிடம் இருக்கும் மிர்ரர்லெஸ் கேமராக்களில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை, லென்ஸ் முன்னால் மாட்டத்தான் வேண்டும்.

என்.டி. என்றால் எல்லா நிறத்தையும் சமமாகக் குறைப்பது என்று அர்த்தம். அந்த 'எல்லா' என்ற சொல்லில்தான் மலிவு ஃபில்டர்கள் ஏமாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சமமாகக் குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும். சென்சாருக்கோ அகச்சிவப்பும் தெரியும். கேமராவுக்குள் அதைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது, ஆனால் அது நூறு சதவீதம் தடுப்பதில்லை. சாதாரணமாக இந்தக் கசிவு யாருக்கும் தெரியாது. 6 ஸ்டாப் என்.டி. போட்டால் பார்க்கும் ஒளி 64ல் ஒரு பங்காகிறது, அகச்சிவப்பு குறையவில்லை. ஆக அதன் விகிதம் 64 மடங்கு கூடிவிட்டது.

இது யாரைப் பாதிக்கும்? கறுப்பு உடுத்தியவர்களை. கார்த்திகை மாதம் ஐயப்ப விரதமும் நடக்கும் மாதம். மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியோடு கிரிவலப் பாதையில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். செயற்கை இழைத் துணியில் போடும் கறுப்புச் சாயங்கள் பல அகச்சிவப்பை நன்றாகவே பிரதிபலிக்கும். மலிவான என்.டி.யில் அந்தக் கறுப்பு வேட்டி அரக்குச் சிவப்பாக வரும். பக்கத்தில் பருத்தி வேட்டி கட்டியவர் வேறு மாதிரி வருவார். ஒரே கறுப்பு, நாலு பேருக்கு நாலு நிறம்! மரம் செடியும் அகச்சிவப்பை அள்ளி வீசுபவை, அதனால் மலையின் பச்சை பழுப்பு தட்டிப்போகும். எடிட்டிங்கில் சரி செய்யலாமே என்பார்கள். முடியாது. அரக்கு நிற வேட்டியும் அரக்காக மாறிய கறுப்பு வேட்டியும் பதிவில் ஒரே எண்தான், எது எது என்று எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது.

இதில் பெரிய கம்பெனிகளே மாட்டியிருக்கின்றன. 2006ல் வந்த லைக்கா எம்8 கேமராவில் உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு போதாமல் கறுப்புத் துணிகள் ஊதாவாக வந்தன. வாங்கியவர்களுக்கு லைக்கா ஆளுக்கு இரண்டு தடுப்பு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்தது. அடுத்த வருடம் வந்த ரெட் ஒன் சினிமா கேமராவிலும் என்.டி. போட்டால் இதே கதை. அதற்குப் பிறகுதான் 'ஐ.ஆர். என்.டி.' என்று தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். 4 ஸ்டாப்புக்கு மேல் என்.டி. வாங்கினால் பெட்டியில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

வேரியபிள் என்.டி. பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அது இரண்டு போலரைசர்களை முகத்தோடு முகம் வைத்தது, அவ்வளவுதான். ஒன்றைத் திருப்பத் திருப்ப ஒளி குறையும். வசதிதான், மறுக்கவில்லை. கல்யாண வீடியோ எடுப்பவர் மண்டபத்துக்கும் வாசலுக்கும் ஓடும்போது வேறென்ன செய்வார்? ஆனால் வைட் லென்ஸில் கடைசிவரை திருப்பினால் ஃபிரேமில் பெருக்கல் குறி மாதிரி கறுப்பு விழும். முன்னால் இருப்பது போலரைசர் என்பதால் நாம் கேட்காமலே பிரதிபலிப்புகளையும் தின்னும். வெளிச்சத்தைக் குறைக்கத் திருப்பினால் குளத்தில் தெரியும் கோபுரம் மங்கும். 217 அடி ராஜகோபுரத்தை அடியிலிருந்து நுனிவரை வைட் லென்ஸில் எடுக்கும்போது பின்னால் நீல வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்து நிற்கும். கோயில் கட்டடங்களை ஆவணமாக எடுப்பவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 3 ஸ்டாப், 6 ஸ்டாப் என்று இரண்டு தனி ஃபில்டர் போதும்.

நிற ஃபில்டர்களின் காலம் முடிந்துவிட்டது. ஃபிலிம் காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் கூடவே போகும். இன்று ஒயிட் பேலன்ஸ் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. 80களின் பாட்டுக் காட்சிகளில் குத்துவிளக்கு ஒவ்வொன்றும் நட்சத்திரமாய்ச் சிதறிய ஸ்டார் ஃபில்டர் நினைவிருக்கிறதா? அதையும் சாஃப்ட்வேரில் போட்டுவிடலாம், போடாமல் இருப்பது இன்னும் நல்லது. சாஃப்ட்வேரால் முடியாதவை மூன்று: போலரைசர், என்.டி., அகச்சிவப்புத் தடுப்பு. மூன்றுமே சென்சாருக்குப் போகும் முன்பே ஒளியிடம் பேசுகின்றன. பணத்தை இவற்றில் போடுங்கள். யு.வி. ஃபில்டருக்கு இப்போதைய கேமராவில் ஒளியியல் வேலை கிட்டத்தட்ட இல்லை. கற்பூரப் புகை, நெய், விபூதி, கிரிவலப் பாதைத் தூசி இவற்றிலிருந்து லென்ஸைக் காக்கும் கண்ணாடியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கியதும் என்ன பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் டியூப்லைட் சோதனை. ஃபில்டரைச் சாய்த்துப் பிடித்து அதில் தெரியும் டியூப்லைட் பிம்பத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் கோட்டிங் இல்லை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மங்கலாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் இருக்கிறது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், சிலர் முன்பக்கம் மட்டும் பூசிவிடுகிறார்கள். கோஸ்ட் உண்டாக்குவது பின்பக்கம் என்பதை மறக்க வேண்டாம். அடுத்து, வெள்ளைத் தாள்மேல் ஃபில்டரை வைத்துப் பார்த்தால் சாதா ஜன்னல் கண்ணாடியின் லேசான பச்சை காட்டிக்கொடுக்கும். அதிலுள்ள இரும்புதான் காரணம்.

என்.டி.க்கு டி.வி. ரிமோட். ரிமோட்டின் முனையில் இருக்கும் பல்பு அகச்சிவப்பில் மின்னும். பல போன்களில் செல்ஃபி கேமராவில் அது தெரியும். நடுவில் ஃபில்டரை வைத்தும் அதே பிரகாசத்தில் மின்னினால் கறுப்பு வேட்டி சிவக்கப் போகிறது என்று அர்த்தம்.

நிறத்துக்கு நான் ஒரு சின்ன பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். ஒரே சாம்பல் அட்டை, ஒரே வெயில், ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு ஃபில்டரோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம். ஷட்டரை மட்டும் ஈடுகட்ட வேண்டும். இரண்டிலும் சிவப்பு-பச்சை, நீலம்-பச்சை விகிதங்களை ஒப்பிட வேண்டியதுதான். ஃபில்டர் உண்மையிலேயே நடுநிலை என்றால் விகிதங்கள் மாறாது. நிரல் தெரியாவிட்டால் எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரிலும் இருக்கும் வெக்டார்ஸ்கோப் போதும்.

கண்ணாடி சமதளமாக இருக்கிறதா என்பதற்கு டெலிலென்ஸ்தான் நீதிபதி. தூரத்துக் கல்வெட்டு ஒன்றை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். வைட் லென்ஸில் தப்பித்துவிடும் கோணல் கண்ணாடி இதில் மாட்டிக்கொள்ளும்.

கம்பெனி பெயர் கேட்பவர்களுக்கு: 1947ல் பெர்லினில் பியர்மன், வெபர் இருவரும் தொடங்கிய பி பிளஸ் டபிள்யூ, ஜப்பானின் ஹோயா, அமெரிக்காவின் டிஃபன் எல்லாம் பழைய கைகள். ஆனால் இவற்றின் பெயரிலேயே போலி வருகிறது, அதனால் பெயரைவிட டியூப்லைட்டை நம்புங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய லென்ஸின் அளவுக்கு, 77 அல்லது 82 மில்லிமீட்டரில், நல்லதாக ஒன்று வாங்கிவிட்டு மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். பித்தளை வளையம் அலுமினியத்தைவிட இறுகிக்கொள்வது குறைவு. இறுகிவிட்டால் கட்டை ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள், கழன்றுவிடும்.

இந்த ரப்பர் பேண்ட் தீபத்தன்று சட்டைப்பையில் இருக்கட்டும். மாலை 6 மணிக்குக் கொடிமரத்தின் முன் அர்த்தநாரீஸ்வரர் வந்து போகும் சில நிமிடங்களில் மேலே தீபம் ஏறிவிடும்; அப்போது ஃபில்டரோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. ஐந்தரைக்கே கழற்றி உறையில் போட்டுவிடுங்கள். உங்கள் ஃபில்டரைச் சோதிக்க ஆசை இருந்தால் அவசரமே இல்லை. மகாதீபம் 11 நாள் எரியும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கூட்டம் குறைந்த பிறகு, ஸ்டாண்டு போட்டு, தீபத்தை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து, ஃபில்டரோடு ஒரு நிமிடம், இல்லாமல் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். முதல் துண்டில் எதிர்மூலையில் ஏதாவது எரிகிறதா என்று பெரிய திரையில் தேட வேண்டும்.